செருகி முகத்துச் சான்று
லிந்துலைப் பகுதியின் பழைய மோட்டார் வண்டிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்றுச் சான்றுகள் என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் ஏட்டுச்சுவடியுமே நம் நினைவிற்கு வருகின்றன. மக்கள் கையாண்ட பொறிகளும் கருவிகளும் அவ்வரிசையில் வைத்து எண்ணப்படுதல் அரிது. ஆயினும் இலங்கையின் மத்திய மலைநாட்டில், தலவாக்கலைக்கும் நானுஓயாவிற்கும் இடைப்பட்ட லிந்துலை போன்ற பகுதிகளில், ஒரு விரல் நீளமேயான பொருளொன்று எந்திரத்தின் அண்மைக்கால வரலாற்றைத் தன் முகத்திலே எழுதிக் காட்டி வந்தது. அதனைப் படிக்க வல்லாரும் அங்கு இருந்தனர். அப்பொருள், வழக்கில் 'பிளக்' எனப்படும் தீப்பொறிச் செருகியாகும்.

பெற்றோல் எந்திரத்தின் உருளையினுள் அழுத்தப்பட்ட கலவைக்குத் தீ மூட்டுதல் செருகியின் தொழில். 1860 இல் பாரிசு நகரிலே இலெனுவார் தம் வாயு எந்திரத்தில் மின்பொறியைப் பயன்படுத்தினார். எனினும் 1902 இல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனத்தைச் சேர்ந்த கொட்லோப் ஹொனோல்ட் உயரழுத்த மக்னீற்றோவையும் அதற்கேற்ற செருகியையும் அமைத்த பின்னரே, விரைந்து சுழலும் மோட்டார் எந்திரத்திற்கு நம்பத்தக்க தீமூட்டல் வாய்த்தது. நடு மின்வாயைச் சூழ்ந்து நிற்கும் காவலி முதலிற் பீங்கானாலும் மைக்காவாலும் செய்யப்பட்டது. 1930 களில் அலுமினியம் ஒட்சைட்டைச் சுட்டு இறுக்கிய காவலி வழக்கிற்கு வந்தது. அதன் வெண்ணிற நுனியே ஈண்டு நாம் கூறும் ஏடு.

1885 இல் நானுஓயாவை எட்டிய இருப்புப் பாதை மலைநாட்டின் தேயிலையைக் கொழும்புக்குக் கொணர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வண்டி அவிசாவளை, கினிகத்தேனை, அட்டன், தலவாக்கலை வழியாக லிந்துலைக்கு ஏறியது. 1922 முதல் 1939 வரை செய்யப்பட்ட ஒஸ்டின் 7, 1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட மொறிஸ் மைனர் முதலிய சிறு கார்கள் இலங்கையின் தெருக்களில் நன்கு அறியப்பட்டவை. 1960 களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இற் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையிலும், இருந்த வண்டியையே இயக்கிக்கொண்டிருத்தல் வேண்டும் என்னும் நிலை நீடித்தது. புதிய செருகி வாங்குதற்கு முன் பழையதைத் துப்புரவாக்கிப் பார்ப்பதே அன்றைய வழக்கம்.

பற்றாக்குறை நாடெங்கும் இருந்தது. மலைநாட்டிற்கே உரிய இடர் மூன்று. முதலாவது, உயரம். கடல்மட்டத்திலிருந்து 1,500 மீற்றர் உயர்ந்தவிடத்து வளியின் அடர்த்தி ஏறத்தாழ ஏழில் ஆறு பங்காகக் குறைகிறது. கொழும்பிலே சீர்செய்யப்பட்ட காபரேற்றர் இக்குறைவைத் தானாக அறியாது. ஆகவே வளிக்கு மிஞ்சிய பெற்றோல் உருளையினுட் செல்ல, செருகியின் முகத்தில் உலர்ந்த கரி படிகிறது. இரண்டாவது, இறக்கம். சாரதி கீழ்க் கியரில் வேகமிதியை விட்டு நெடுந்தூரம் இறங்கும்பொழுது உருளையினுள் ஏற்படும் வெற்றிடம், தேய்ந்த வால்வு வழிகாட்டிகளினூடாகவும் பிஸ்டன் வளையங்களினூடாகவும் எண்ணெயை உறிஞ்சுகிறது. அப்பொழுது செருகி கருமையும் ஈரமும் உடையதாகிறது. மூன்றாவது, ஏற்றம். முழுச் சுமையோடு நெடுநேரம் ஏறும் எந்திரத்திற் கலவை மெலிந்திருப்பினும், தீமூட்டல் முந்தியிருப்பினும், காவலி நுனி சுண்ணாம்பென வெளுத்துக் கொப்பளிக்கிறது. ஒரே பயணத்தில் இம்மூன்றும் நேரக்கூடிய இடம் மலைநாடு.

நலமான எந்திரத்தின் செருகி பாலூற்றிய தேநீரின் நிறமுடையது. நுனியின் வெப்பம் 450 பாகை செல்சியசை அண்மித்தவுடன் கரி தானே எரிந்தொழியும். அது 900 பாகையை அண்மித்தால், பொறிக்கு முன்னரே கலவை தீப்பற்றிப் பிஸ்டனையே உருக்கிவிடவும் கூடும். இவ்விரு எல்லைகட்கு இடையே நிற்குமாறு, வண்டியின் வேலைக்கேற்ற வெப்பத்தரமுடைய செருகியைத் தேர்தல் வேண்டும். நான்கு செருகிகளும் ஒருங்கே கறுத்திருப்பின் குற்றம் காபரேற்றரில் இருத்தல் கூடும். ஒன்று மட்டும் எண்ணெய் பூசியிருப்பின் அவ்வுருளையைச் சோதித்தல் வேண்டும். அடுத்தடுத்த இரண்டு கெட்டிருப்பின் அவற்றிடையே தலைத்தகட்டின் அடைப்பு வெடித்துள்ளதோ என ஐயுறல் வேண்டும். எனவேதான் செருகிகளைக் கழற்றும்போது அவற்றை உருளை வரிசைப்படியே பலகையில் அடுக்கி வைத்தல் முதல் விதியாயிற்று. வரிசை கலைந்த செருகிகள், கண்டெடுத்த இடம் குறிக்கப்படாத நாணயங்களை ஒப்பன.

எப்பொழுது கழற்றிப் படிப்பது என்பதும் ஒரு வினாவாகும். வண்டியை வாசலில் நெடுநேரம் வெறுமனே இயங்கவிட்டுக் கழற்றினால், செருகி அவ்வெற்றியக்கத்தின் கரியையே காட்டும். ஏற்றத்தில் நிகழ்ந்தது மறைந்துபோம். ஆகவே முழு விசையோடு ஏறிக்கொண்டிருக்கையில், பாதுகாப்பான ஓரிடத்தில், சுவிச்சை நிறுத்திக் கிளச்சையும் ஒருங்கே மிதித்து, வண்டி நின்றபின் செருகியைக் கழற்றுவர். அந்நேரத்து முகமே மெய் கூறும் முகம்.

படித்த பின்னரே துப்புரவு. கழற்றுமுன் செருகியைச் சூழ்ந்த மண்ணை ஊதி அகற்றாவிடின் அது உருளையினுள் விழும். எண்ணெயைப் பெற்றோலால் கழுவிக் கரியை மரக்குச்சியாற் சுரண்டுதல் தகும். கம்பித் தூரிகையாற் காவலியைத் தேய்ப்பின் உலோகக் கோடுகள் படிந்து, மின் அவ்வழியே கசியும். கராஜ்களில் இருந்த மணல்வீச்சுப் பொறி விரைவாகத் துப்புரவு செய்தது. ஆனால் உட்சந்தில் ஒளிந்த மணல் ஒன்றிரண்டு உதிர்ந்தாலும் உருளைச்சுவர் கீறுண்ணும். மழுங்கிய மின்வாய்களை மென்னரத்தால் அராவி விளிம்பைக் கூராக்கினால் பொறி எளிதிற் பாயும். பின்னர் இடைவெளியை அளப்பர். 1956 இல் வந்த மொறிஸ் மைனர் 1000 இற்கு அது 25 ஆயிரத்தினொரு அங்குலம். வளைக்கப்படுவது பக்க மின்வாயே. நடு மின்வாயை வளைப்பின் காவலி வெடிக்கும். திறந்த வெளியிற் பாயும் பொறி உருளையின் அழுத்தத்திற் பாயாமற் போதலும் உண்டு. அதனால் கண்ணாற் கண்ட பொறியை மட்டும் நம்புதல் தவறாகும்.

இவ்வளவும் அறிந்தோர் யாவர்? தோட்டத்து லொறிச் சாரதிகள், துரைமாரின் காரோட்டிகள், தொழிற்சாலைப் பொறிகளைப் பராமரித்தோர், சிறு நகர்களின் கராஜ் பாஸ்மார் ஆகியோர். அவருட் பலர் ஆங்கிலக் கைந்நூலைப் படித்தவரல்லர், செருகியைப் படித்தவர்கள். மொறிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் காட்சியில் உலகிற்கு அறிமுகமாயிற்று. அதே ஆண்டு நவம்பர் 15 ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 இற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதெனவும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதெனவும் வகுத்தது. எஞ்சிய நாடற்றோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது. வண்டிகள் தேசத்திற்கு இன்றியமையாதனவாகப் பேணப்பட்ட காலத்தில், அவற்றைப் பேணிய கைகளிற் பல இந்நாட்டிற்கு உரியனவல்ல எனப்பட்டன. கப்பலேறிச் சென்றோர் தம் பெட்டிகளிற் பாத்திரமும் துணியும் கொண்டு சென்றனர். அவரோடு சென்ற தொழிலறிவு எப்பதிவேட்டிலும் எழுதப்படவில்லை.

செருகியின் எழுத்தும் காலத்தால் மாறியுள்ளது. ஈயம் கலந்த பெற்றோல் காவலியிற் படிவித்த மஞ்சள் மெருகு ஏற்றத்திற் சூடேறியவுடன் மின்னைக் கடத்தி எந்திரத்தை இடறச் செய்யும். இலங்கை 2002 இல் ஈயப் பெற்றோலைக் கைவிட்டபின் அம்மஞ்சள் மறைந்தது. இன்றைய வண்டிகளில் மின்னணுக் கருவியே உயரத்தை அளந்து கலவையைத் திருத்துகிறது. செருகியைப் பார்த்து நோயறியும் தேவை குறைந்துவிட்டது. பழைய கார்களைப் பேணுவோரிடமும் முதிய பாஸ்மாரிடமுமே அக்கலை எஞ்சியுள்ளது.

தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் துரைமாரின் நாட்குறிப்புகளையும் கம்பனி அறிக்கைகளையும் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. தொழிலாளரின் அறிவு கையிலும் கண்ணிலும் தங்கியிருந்தமையால், அதனை அவர்தம் வாய்மொழியாகவே கேட்டு எழுதல் வேண்டும். வரலாறு பயிலும் மாணவர் தம் ஊர்க் கராஜ் ஒன்றினுட் சென்று முதியோர் ஒருவரிடம் கேட்பாராயின் அப்பணி தொடங்கிவிடும். கரியைத் துடைக்குமுன் அதனைப் படித்தல் வேண்டும் என்பது அவர் கற்பிக்கும் முதற்பாடமாக இருக்கும். பழஞ்சான்று எதற்கும் அவ்விதி பொருந்தும்.