நாடு கடத்தப்பட்டோர் நாடாண்ட கதை

இழந்த மண்ணை ஓர் இனம் மீண்டும் பெறக்கூடும். மொழியை இழந்தால்? எதைக்கொண்டு மீட்பது? கனடாவின் கீழ்க்கோடியில் வாழும் அகேடியர் வரலாறு இவ்வினாவுக்கு விடை பகர்கிறது.

பிரெஞ்சு மொழி பேசிய உழவர் அவர்கள். கடலோரச் சதுப்பைக் கரைகட்டித் தடுத்துக் கழனியாக்கினர். 1755-ல் ஆங்கில ஆதிக்கம், 'வெளியேறு!' என ஆணையிட்டது. ஆங்கில மன்னனுக்கு நிபந்தனையற்ற உறுதிமொழி தர மறுத்ததே அவர்தம் குற்றம்! வீடுகள் எரிந்தன; குடும்பங்கள் சிதறின. பின்னர்த் திரும்பி வந்தோர், தம் வயலில் அயலார் ஏரோட்டக் கண்டனர். அன்று படை நடத்திய தளபதி மாங்க்டன். அவன் பெயர் தாங்கிய நகரில், அகேடியரின் பேரப்பிள்ளைகள் வாழ நேர்ந்தது!

அந்த இனத்தில், 1925-ல், சிற்றூரொன்றில் பிறந்தவர் லூயி ரோபிஷோ. 1952-ல் நியூ பிரன்ஸ்விக் சட்டமன்றம் புகுந்தார். 1960-ல், தம் 34-ஆம் வயதில், மாகாண முதல்வரானார். தேர்தலில் வென்று அப்பதவி பெற்ற முதல் அகேடியர் அவரே.

பதவி வந்ததும் பட்டாடை தேடினாரா? இல்லை, பள்ளிக்கூடத்தை நோக்கினார். அந்நாளில் அந்தந்த வட்டாரத்தின் சொத்துவரியே பள்ளிக்குப் படியளந்தது. செல்வர் வாழும் வட்டாரத்தில் சீரான கல்வி. ஏழையர் வட்டாரத்தில் ஏழைக் கல்வி. பிறந்த இடமே பிள்ளையின் தலையெழுத்து! அதனை அழித்தெழுதியது 1967-ல் நடைமுறைக்கு வந்த 'சமவாய்ப்பு'த் திட்டம். கல்வி, மருத்துவம், மக்கள் நலம், நீதி ஆகிய நான்கையும் மாகாண அரசே ஏற்றது.

'பீட்டரிடம் பறித்துப் பியருக்குக் கொடுக்கிறார்' எனச் சீறினர் எதிர்ப்பாளர். ஆனால் ஆங்கிலம் பேசிய ஏழை வட்டாரங்களும் அத்திட்டத்தால் பயன்பெற்றன என்பதை வசதியாக மறந்தனர்!

1963-ல் மாங்க்டன் நகரில் பிரெஞ்சுப் பல்கலைக்கழகம் எழுந்தது. 1968-ல் அதன் மாணவர், நகராட்சியில் தம் மொழிக்கு இடம் கேட்டு அணிவகுத்தனர். மேயர் லியோனார்ட் ஜோன்ஸ் செவிசாய்க்கவில்லை. மறு ஆண்டே, 1969-ல், ஆங்கிலமும் பிரெஞ்சும் மாகாண ஆட்சிமொழிகள் எனச் சட்டம் பிறந்தது.

1970-ல் ரோபிஷோ தோற்றார். எனினும் அடுத்து வந்த மாற்றுக் கட்சி அச்சட்டத்தைக் காத்தது. 2002-ல் மாங்க்டன் நகரே தன்னை இருமொழி நகரென அறிவித்தது. மூன்றாண்டுகள் கழித்து, 2005-ல், ரோபிஷோ மறைந்தார்.

மேயர் மூடிய கதவைக் காலம் திறந்தது எனலாமா? கூடாது, தோழர்களே! காலம் தானாக எதையும் திறப்பதில்லை. தெருவில் நடந்த மாணவர் காலும், சட்டம் எழுதிய கையும் சேர்ந்தே திறந்தன. உரிமை கேட்போர் இரண்டையும் பெற்றிருத்தல் வேண்டும்.