கண்டியில் கடல்நீர்: முருகைத் தொட்டிக்கு எந்த உப்பு, எப்படிக் கரைப்பது?

"ஆனையிறவு உப்பைக் கடலிலிருந்துதானே எடுக்கிறார்கள்? அதைத் தண்ணீரில் கரைத்தால் கடல்நீர் வந்துவிடாதா?" மஹய்யாவையில் என் வீட்டு மீன்தொட்டியைப் பார்க்க வருகிறவர்களில் அநேகமானோர் இதைக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் பகுதியைக் கடந்து கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போகும் ஏ9 வீதியிலேயே தொடர்ந்து போனால் ஆனையிறவு உப்பளம் வந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வாளியில் அடைத்து வரும் உப்பை ஏன் அவ்வளவு விலை கொடுத்து வாங்க வேண்டும்?

விடை உப்பளத்திலேயே இருக்கிறது. பாத்தியில் கடல்நீர் வெயிலில் வற்றும்போது அதிலுள்ள உப்புகள் எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் கல்சியம் காபனேற்று படியும். அடுத்தது ஜிப்சம். இரண்டுமே கல்சியம் சார்ந்தவை, இரண்டும் முன்பாத்திகளிலேயே தங்கிவிடும். அதன் பிறகே சோடியம் குளோரைட்டு, அதாவது நமது கறியுப்பு, பளிங்காகும். மகனீசியமும் பொற்றாசியமும் கரைந்திருக்கும் மீதிக் கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். வடிக்காவிட்டால் உப்பு கசக்கும், ஈரம் பிடிக்கும். ஆகவே நல்ல கறியுப்பு என்பது கடலிலிருந்து மற்றதெல்லாம் கழிக்கப்பட்ட பொருள்.

முருகைக்கு வேண்டியதோ அந்தக் கழிக்கப்பட்ட பொருட்கள்தான். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 410 மில்லிகிராம் கல்சியமும் 1,290 மில்லிகிராம் மகனீசியமும் 400 மில்லிகிராம் பொற்றாசியமும் உண்டு. கல்சியத்தையும் காபனேற்றையும் சேர்த்துத்தான் கல்முருகை தன் எலும்புக்கூட்டைக் கட்டுகிறது. கறியுப்புக் கரைசலில் இவை பேருக்கும் இல்லை. 2025இல் உப்புத் தட்டுப்பாடு வந்து இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்தபோது, "இனி உங்கள் மீனுக்கும் இந்திய உப்புத்தானா?" என்று ஒரு நண்பர் கிண்டலடித்தார். எந்த நாட்டுக் கறியுப்பானாலும் மீனுக்குப் பயன் ஒன்றுதான்: இல்லை.

கடல்நீரைச் செயற்கையாகச் செய்ய முடிவதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. திறந்த கடலில் உவர்த்தன்மை இடத்துக்கு இடம் கூடிக் குறையலாம். ஆனால் பிரதான உப்புகளுக்கிடையிலான விகிதம் அநேகமாக மாறுவதில்லை. 1819இல் அலெக்சாண்டர் மார்செட் இதைச் சொன்னார். சலஞ்சர் கப்பல் உலகைச் சுற்றிக் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளைப் பகுத்த வில்லியம் டிட்மார் 1884இல் இதை உறுதிப்படுத்தினார். விகிதம் தெரிந்துவிட்டால் கலவை செய்துவிடலாம்.

நேரே கடலுக்குப் போய்க் கொண்டுவரலாமே என்றும் கேட்கலாம். கொழும்பு இங்கிருந்து சுமார் 115 கிலோமீற்றர். கரையோர வீடுகளில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள், செலவும் குறைவு. ஆனால் மேற்குக் கரையில் களனி கங்கை போன்ற ஆறுகள் கலக்கும் இடங்களுக்கு அருகே, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நீர் ஐதாகிவிடும். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கியபோது நைத்திரிக் அமிலமும் சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளும் அதில் இருந்தன. அதன் பிறகு அந்தக் கரை நீரைத் தொட்டியில் ஊற்ற எனக்கு மனமில்லை. பஸ்ஸில் போய்வரும் ஒருவர் எத்தனை கான்களைத்தான் தூக்கி வருவது?

ஆகவே உப்புக் கலவை. கடையில் பெயர்கள் பல இருக்கும்: இன்ஸ்டன்ட் ஓஷன், ரீஃப் கிறிஸ்டல்ஸ், ரெட் சீ, ட்ரொபிக் மரின். இவற்றில் எதுவும் மோசமில்லை. வேறுபாடு முக்கியமாகக் காரத்தன்மையில், அதாவது நீரிலுள்ள காபனேற்று, இருகாபனேற்று அளவில். அதை டி.கே.எச். என்ற அலகில் அளக்கிறார்கள். இயற்கைக் கடல்நீரில் அது 7 அளவில் இருக்கும். ரெட் சீயின் சாதாரண உப்பு 8க்கு அண்மையில் தரும், அதே நிறுவனத்தின் கோரல் புரோ 12 அளவுக்குப் போகும். வேகமாக வளரும் கல்முருகைகள் நிறைந்த தொட்டிக்குத்தான் அந்த உயர்ந்த அளவு. மீனும் மென்முருகையும் மட்டும் உள்ள சிறிய தொட்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண் என்பது என் கருத்து.

தொட்டியின் அளவோடு புதுநீரின் அளவு ஒத்துப்போகிறதா என்பதையே பார்க்க வேண்டும். 8இல் உள்ள 100 லீற்றர் தொட்டியில் 10 லீற்றரை எடுத்துவிட்டு 12இல் உள்ள நீரை ஊற்றினால் 8.4 ஆகும், பாதகமில்லை. 50 லீற்றர் மாற்றினால் ஒரே நாளில் 10. இப்படித் திடீரென ஏறுவதை முருகை தாங்காது. அதனால் எந்தப் பெயர் என்பதைவிட, அதே உப்பு அடுத்த முறையும் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். 2020க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடும் 2022இன் டொலர் நெருக்கடியும் வந்த நாட்டில் இது சின்ன விடயமல்ல.

பெரிய வாளியிலிருந்து பிரித்து ஒரு கிலோ பொலித்தீன் பைகளில் விற்பதை வாங்காமல் இருப்பது நல்லது. கலவையில் பருத்த மணியும் நுண்ணிய மணியும் உண்டு, ஆடி அசையும்போது அவை பிரிந்துவிடும். உங்கள் பைக்கு எந்தப் பகுதி வந்தது என்று யாருக்கும் தெரியாது. மகனீசியம் குளோரைட்டு ஈரத்தை இழுக்கும், கண்டியின் மழைக்காலம் அதற்குப் போதும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வாளி வாங்கி, அதை நன்றாக உருட்டிக் கலந்து, ஒரே நாளில் நிறுத்துப் பகிர்ந்து, காற்றுப் புகாமல் மூடிவைப்பதே சிக்கனம். 25 கிலோவில் ஏறக்குறைய 650 லீற்றர் செய்யலாம்.

அடுத்தது நீர். குழாய் நீரில் குளோரீன் இருக்கும். கூடவே வரும் நைத்திரேற்றும் பொசுபேற்றும் பாசியை வளர்க்கும், செப்பு முள்ளந்தண்டற்ற உயிர்களைக் கொல்லும். எனவே ஆர்.ஓ. நீர் வேண்டும். சிறுநீரக நோய் காரணமாக வடமத்திய மாகாணத்தில் ஊருக்கு ஊர் வைக்கப்பட்ட அதே தொழில்நுட்பம்தான். குடிப்பதற்கு விற்கும் ஆர்.ஓ. நீர் போதுமா என்றால், டி.டி.எஸ். மானியால் அளந்து பாருங்கள். நமக்குத் தேவை பூச்சியம் அல்லது அதற்கு மிக அண்மை. குடிநீருக்குச் சிலர் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கிறார்கள்.

கரைக்கும்போது ஒழுங்கு மாறக்கூடாது: முதலில் நீர், பிறகு உப்பு. உப்பின்மேல் நீரை ஊற்றினால் அந்தச் செறிந்த சேற்றில் கல்சியமும் காபனேற்றும் சந்தித்துச் சுண்ணாம்பாகப் படியும். நீர் பால்போல் வெளுத்து, வாளியின் அடியில் வெள்ளைப் படிவு தெரிந்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கல்சியம் அங்கேதான் கிடக்கிறது. உணவுக்குரிய பிளாஸ்டிக் வாளியில் சிறிய பம்ப் ஒன்றை ஓடவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். நீரைச் சூடாக்கிக் கரைக்க வேண்டாம், அதுவும் படிவைக் கூட்டும். கரைந்த பின், தொட்டிக்கு ஊற்றுமுன் 25 பாகைக்குக் கொண்டுவந்தால் போதும். தை மாத இரவுகளில் மட்டும் இங்கே இதற்கு ஹீற்றர் தேவைப்படும்.

அளவு லீற்றருக்கு 36 முதல் 40 கிராம். கடல்நீரில் 35 கிராம்தானே என்றால், கலவையிலுள்ள பளிங்குகள் சில தமக்குள் நீரையும் வைத்திருக்கின்றன, அந்த நிறையும் சேர்கிறது. 20 லீற்றருக்கு 700 கிராமில் தொடங்கி, அளந்து, மீதியைச் சேருங்கள். கப் கணக்கை நம்பாதீர்கள், சமையலறைத் தராசு போதும்.

உவர்மானி வாங்கினால், அதைத் தூய நீரில் மட்டும் சரிபார்ப்பது போதாது. 35க்கு அருகில் சரியாகக் காட்டுகிறதா என்பதுதான் கேள்வி. இங்கேதான் கறியுப்புக்கு வேலை வருகிறது. நன்றாக உலர்த்திய 36.5 கிராம் உப்பை 963.5 கிராம் தூய நீரில் கரைத்தால், அந்தக் கரைசல் 35 உவர்த்தன்மையுள்ள கடல்நீரைப் போலவே ஒளியை முறிக்கும். கருவி 35 காட்டும்வரை திருகாணியைத் திருப்புங்கள். ஆனையிறவு உப்பு இதற்குத் தாராளமாகப் போதும்.

தொட்டியில் என்ன வளர்ப்பது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதை 1988ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் தடைசெய்தது. அதுவரை தென்மேற்குக் கரையில் சுண்ணாம்புக்காக அவற்றை எரித்துத் தள்ளினார்கள். 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவையின் முருகைகள் வெளிறி மடிந்தன. யாராவது "ஹிக்கடுவையில் உடைத்தது" என்று கொண்டுவந்து காட்டினால் வாங்காதீர்கள். செயற்கைக் கல்லில் தொடங்கலாம், கோமாளி மீனுக்கு அது போதும்.

தினமும் தொட்டியில் நீர் குறையும்போது உப்புநீர் ஊற்ற வேண்டாம். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அங்கேயே இருக்கும். வெறும் ஆர்.ஓ. நீரை ஊற்றுங்கள். மாற்றி எடுத்த பழைய உப்புநீரை வாசலில் உள்ள கறிவேப்பிலை அடியில் ஊற்றாமல் கழிவறையில் ஊற்றுங்கள். எங்கள் பக்கம்போல் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் அந்தக் கறிவேப்பிலை பெரும்பாலும் அடுத்த வீட்டுக்காரருடையது.