30 ஆண்டுகள் பிறை பார்த்த தோட்டக்காரர்

வளர்பிறையில் விதைப்பதும் தேய்பிறையில் வெட்டுவதும் நம் ஊர் வழக்கம் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஐரோப்பாவிலும் இதற்கு 2000 ஆண்டுப் பழமை உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரியின் பிளினி, வெட்டுவது, பறிப்பது, கத்தரிப்பது எல்லாவற்றையும் தேய்பிறையில் செய்தால் கேடு குறைவு என்று எழுதி வைத்தார்.

அங்கே குளிர்காலத்தில் பழமரங்கள் இலை உதிர்த்து உறங்கும். கிளை கழிப்பதற்கு ஏற்ற காலம் அதுதான். பகலோ சிறியது, பனி வேறு. இதற்கு மேல் தேய்பிறைக்கும் காத்திருந்தால் வேலை நாள் பாதியாகிவிடும்.

இந்த வழக்கத்தைச் சோதித்துப் பார்த்தவர் பிரான்ஸ் நாட்டு லா கேன்டினி. 1626இல் பிறந்தவர். சட்டம் படித்துவிட்டுத் தோட்டத்துக்கு வந்தவர். 14ஆம் லூயி மன்னருக்காக வெர்சாயில், 1678 முதல் 1683 வரை, ஒரு சதுப்பு நிலத்தை மேடாக்கி, ஏறத்தாழ 9 ஹெக்டேரில் காய்கனித் தோட்டம் அமைத்தார். குதிரைச் சாணத்தைப் பாத்தியாகக் குவித்து, அதன் சூட்டில், கண்ணாடி மூடிகளுக்குள் பயிர் வளர்த்தார். டிசம்பரில் அஸ்பாரகஸும் ஜனவரியில் லெட்டூஸ் கீரையும் அரண்மனைக்குப் போயின.

அவர் 1688இல் காலமானார். 1690இல் வெளிவந்த அவருடைய நூலில் நிலவைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறார்: 30 ஆண்டுகள் கவனமாகப் பார்த்தேன், பிறையால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மண்ணும் விதையும் நன்றாக இருந்து, பருவமும் இசைந்தால், எந்தப் பிறையில் விதைத்தாலும் ஒட்டுக் கட்டினாலும் பலன் ஒன்றுதான் என்பது அவர் முடிவு.

பயிர் பொய்த்தால் மன்னருக்கே பதில் சொல்ல வேண்டியவர் அவர். பழி போட நிலவு வசதியாக இருந்தது. அதை அவர் வேண்டாம் என்றார்! எனக்கு அவரிடம் பிடித்தது இதுதான்.

முன்னோரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கடிகாரமும் அச்சிட்ட நாட்காட்டியும் இல்லாதவர்களுக்கு வானத்துப் பிறைதான் நாள் கணக்கு. வேலையைத் தள்ளிப் போடாமல் செய்யவும் அது உதவியது. பிரான்ஸில் இன்றும் நிலவு பார்த்துத் தோட்டம் செய்யும் நாட்காட்டிகள் விற்கின்றன.

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஒரே விதை, ஒரே எரு, இரண்டு தொட்டி. ஒன்றில் வளர்பிறையில் கீரை விதையுங்கள், மற்றதில் தேய்பிறையில். ஒரு முறை போதாது, நான்கைந்து மாதம் செய்யுங்கள். முளைத்ததை எண்ணிக் குறித்து வைத்து எனக்கும் சொல்லுங்கள்.