செத்தவர் துணியும் புதுச் சட்டையும்

சண்டாளன் என்ன உடுத்த வேண்டும் என்று மனுதர்மம் பத்தாம் அத்தியாயத்தில் சொல்லியிருக்கிறது. செத்தவர்களின் துணி. சாப்பிட உடைந்த பாத்திரம், போட்டுக்கொள்ள இரும்பு நகை. ஆக, நம்மைப் பார்த்து 'பழசைக் கட்டு' என்று முதலில் சொன்னவர்கள் இன்றைய சுற்றுச்சூழல்காரர்கள் அல்ல.

இதை ஏன் இப்போது கிளற வேண்டும்? கல்லூரிகளில் 'அறத்தோடு வாங்குவோம்' என்றொரு பேச்சு நடக்கிறது. குறைவாக வாங்கு, பிறர் உடுத்தியதை வாங்கி உடுத்து, ஃபேஷன் மோகத்துக்கு அடிமையாகாதே என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அப்படியொரு கூட்டத்துக்குப் போய்வந்த நம்ம பிள்ளை ஒருத்தி, முதுகலை படிக்கிறவள், கேட்டாள்: "பண்ணை வீட்டுப் பழசக் கட்டித்தான் எங்கம்மா வளந்துச்சு. நான் கடைக்குப் போயி புதுசு எடுத்தா அது ஆடம்பரமா தோழர்?"

அவளுக்கு அறிவுரை சொல்ல நான் யார்? நடந்ததைச் சொல்லலாம்.

திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேல்சீலை அணியக்கூடாது என்று 1829இல் அரச ஆணை வந்தது. அடிதடி, தீவைப்பு எல்லாம் நடந்த பிறகு 1859 ஜூலையில் அரசர் இறங்கி வந்தார். குப்பாயம் போடலாம், மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணிகிற மாதிரி மட்டும் அணியக்கூடாது என்றார். உடம்பை மூடிக்கொள், எங்கள் ஃபேஷனைத் தொடாதே என்பதுதானே இதன் பொருள்? (நாடார்கள் பிற்பாடு சேரியை எப்படி நடத்தினார்கள் என்பது தனிக்கதை.)

ராமநாதபுரம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 1930 டிசம்பரில் அங்கே ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அவற்றை எழுதி வைத்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் துணி கட்டக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக்கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி என்று எதுவும் மேலே போடக்கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடுமாடுகளை ஓட்டிப்போனார்கள். அடுத்த ஜூனில் தடைகள் பதினொன்றாயின.

ஒரு பனியனுக்காக வீடு எரிந்த மாவட்டம் அது. பக்கத்து மதுரையில்தான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையைத் துறந்து அரைவேட்டிக்கு மாறினார். அவருக்குக் கழற்ற ஒரு சட்டை இருந்தது. 1927 டிசம்பரில் மகாடில் அம்பேத்கர் நம் பெண்களிடம் பேசியதோ நேர்மாறானது. பார்த்தவுடன் சாதி தெரிகிற சேலைக்கட்டையும் நகைகளையும் விட்டொழியுங்கள், மற்ற பெண்களைப் போலக் கட்டுங்கள் என்றார். பெண்களும் உடனே கட்டைமாற்றிக் காட்டினார்கள். அவர் கோட்டும் சூட்டும் போட்டதை இன்றைக்கும் சிலர் பகட்டு என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

பழைய கதை என்று யாரும் தள்ள வேண்டாம். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி சேரிகள் எரிந்தன. அந்த நாட்களில்தான் ஜீன்ஸும் டீ-சர்ட்டும் கூலிங்கிளாஸும் போட்டு நம் பையன்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று ஒரு கட்சித் தலைவர் பேசினார். எங்களோடது ஜீன்ஸாயிருந்தாலும் அவங்களுக்கு உறுத்துது.

ஆகவே புதுசு வாங்குவது குற்றமில்லை. அதோடு பேச்சு முடிந்துவிடவும் இல்லை. போட்டுக்கொள்ளக்கூடாது என்று தடுத்த அந்தப் பனியனை இன்றைக்கு யார் தைக்கிறார்கள்? திருப்பூர், கோவை, திண்டுக்கல் பக்கத்து ஆலைகளுக்கு 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். மூன்று வருசம் விடுதியில் அடைந்து கிடந்து உழைத்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. இடையில் உடம்பு முடியாமல் வந்துவிட்டால் அந்தத் தொகை கையில் வராமலே போனவர்கள் உண்டு. போனவர்களில் கணிசமானோர் நம் பெண்கள்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்தில் ஏற்றுமதித் துணி தைத்த இளம் தலித் பெண் ஒருத்தி கொலையானாள். கைதானவன் ஆலையின் மேற்பார்வையாளன். 'அந்தக் கம்பெனித் துணியை வாங்காதே' என்றால் நகரத்தில் இருப்பவர் மனசு ஆறும். ஆர்டர் நின்றால் முதலில் வேலை போவதும் அவள் தோழிகளுக்குத்தான். அங்கே பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் வேறு வழியில் போனது. 2022 ஏப்ரலில் ஆலை முதலாளியும், வாங்குகிற எச் அண்ட் எம் நிறுவனமும் கையெழுத்துப் போட்டார்கள். ஆலை ஒப்பந்தத்தை மீறினால் வாங்குகிறவன் வியாபாரத்தில் கைவைக்க வேண்டும். வேலைத்தளத்தைக் கண்காணிக்கத் தொழிலாளிப் பெண்களுக்கே சங்கம் பயிற்சி கொடுத்தது. பெண் என்று சீண்டினால் மட்டுமல்ல, சாதி சொல்லி இழிவுசெய்தாலும் புகார் கொடுக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது.