ஆரஞ்சு ஊரில் ஓர் ஆரஞ்சுத் தோல்

மாற்றலாகி நாக்பூர் வந்து இரண்டு வருஷமாகிறது. ஆரஞ்சுக்குப் பேர் போன ஊர். போன மாதம் வாங்கிய புதுக் காரை ராத்திரி துடைத்துக்கொண்டிருந்தேன். கதவில் தெரிந்த டியூப் லைட் நேராக இல்லை, ஓரமெல்லாம் நெளிநெளியாக இருந்தது. உற்றுப் பார்த்தால் பெயிண்டின் மேல் ஆரஞ்சுத் தோல் மாதிரியே மேடு பள்ளம். பெயிண்டர்கள் இதற்கு வைத்திருக்கும் பேரே 'ஆரஞ்சு பீல்'தான்!

பாலிஷ் கடைக்காரர், "வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தால் கண்ணாடி ஆகிவிடும் ஸாப்" என்றார். நான் தலையாட்டவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் சரித்திரம்.

ஆரம்ப காலக் கார்களுக்குப் பூசியது குதிரை வண்டிக்குப் பூசிய அதே வார்னிஷ்தான். பிரஷ்ஷால் ஒரு கோட், காய விடுவது, தேய்ப்பது, மறுபடி ஒரு கோட். வாரக்கணக்கில் ஆகும். மெதுவாகக் காய்ந்ததால் வார்னிஷுக்குத் தானே பரவிச் சமமாக அவகாசம் இருந்தது. மிச்சத்தை ஆட்கள் தேய்த்தார்கள்.

ஃபோர்டின் மாடல் டி வேகத்துக்கு இது கட்டுப்படியாகுமா? 1914 முதல் 1925 வரை அந்தக் காரில் கருப்பு மட்டும்தான். அந்தக் கருப்பு எனாமல் மலிவு, நன்றாக உழைக்கும்.

1920களில் டூபாண்ட் நிறுவனம், சினிமா ஃபிலிம் செய்யும் அதே நைட்ரோசெல்லுலோஸிலிருந்து டூகோ என்ற லாக்கரைக் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அதை 1924ஆம் வருஷ மாடல் ஓக்லண்ட் காரில் நீல நிறத்தில் பூசி இறக்கியது. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. ஆனால் இவ்வளவு சீக்கிரம் காய்வதை பிரஷ்ஷால் இழுக்க முடியாது, ஸ்ப்ரே கன் வேண்டும். அந்த கன்னின் மூதாதைகளில் ஒன்று, அமெரிக்காவில் டொலேடோ நகர டாக்டர் டிவில்பிஸ் நோயாளிகளின் தொண்டைக்கு மருந்து தெளிக்கச் செய்த கருவி!

வந்தது வினை. கன்னிலிருந்து பெயிண்ட் துளித்துளியாகப் போய் விழுகிறது. துளிகள் ஒன்றாகிச் சமமாவதற்குள் தின்னர் பறந்துவிட்டால் மேடு பள்ளம் அப்படியே உறைந்துவிடும். லாக்கர் காலத்தில் பளபளப்பு வருவதற்காகத் தொழிற்சாலையிலேயே தேய்த்துப் பாலிஷ் போட்டதால் அது மறைந்தது. பிறகு வந்த சூளை எனாமல்கள் தேய்க்காமலே பளபளத்தன. தேய்க்கும் வேலை போயிற்று, ஆரஞ்சுத் தோல் வண்டியிலேயே தங்கிவிட்டது. ஆக, இது வேகத்துக்கு நாம் கொடுத்த விலை.

1980களில் பரவலான முறைதான் இன்றும். நிறம் ஒரு கோட், அதன் மேல் நிறமில்லாத கிளியர் கோட். இந்தக் கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், நம் தலைமுடியை விட மெல்லியது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் இதுதான். வாட்டர் பேப்பர் தேய்ப்பது பள்ளத்தை நிரப்பாது, மேட்டைச் சீவி எடுக்கும்.

இது எனக்குப் புத்தகப் படிப்பு அல்ல. 2011இல் வாங்கிய முதல் காரை, வேறு ஊரில் ஒரு கடையில் தேய்க்கக் கொடுத்தேன். இரண்டு வருஷம் போவோர் வருவோர் கதவில் தலை சீவிக்கொண்டு போனார்கள். மூன்றாவது கோடையில் பானெட்டின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு, அப்புறம் சருகாக உரிந்தது. மறு பெயிண்ட் அடித்த செலவு, தேய்த்த செலவைப் போல் பல மடங்கு. விற்கும்போதும், "ஆக்ஸிடென்ட் வண்டியா சார்?" என்று கேட்டு விலையைக் குறைத்தார்கள்.

தடிமன் பார்க்கும் மீட்டர் வைத்து, விளிம்புகளை விட்டுவிட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. கூடுதலாகக் கிளியர் கோட் அடித்த வண்டியானால் தாராளமாகத் தேய்க்கலாம். கம்பெனிப் பெயிண்டில் அந்த உபரி கிடையாது. வட்டியைச் செலவு செய்யலாம், முதலில் கை வைக்கக் கூடாது என்று கவுன்டரில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் சொல்கிறவன், என் கதவு விஷயத்தில் மட்டும் அதை மறந்திருந்தேன்.

இன்று ராத்திரியும் காரைத் துடைத்தேன். டியூப் லைட் நெளிகிறது. நெளியட்டும்.