இலவச விசாவும் 55 வயதும்: கலஹா வீதியின் இரண்டு விதமான வெளிநாட்டார்

கண்டியிலிருந்து கலஹா பஸ்ஸில் ஏறினால் பேராதனைக் கம்பஸுக்குள்ளால்தான் போகவேண்டும். கம்பஸைத் தாண்டியதும் வீதி மலை ஏறத் தொடங்கும். கலஹா, தெல்தோட்டை என்று தேயிலைத் தோட்டங்கள். இந்த ஒரே வீதியில் இரண்டு விதமான “வெளிநாட்டார்” வேலை செய்திருக்கிறார்கள். ஒரு விதத்தாரைப் பற்றிப் பல்கலைக்கழக வரலாறுகள் பெருமையாக எழுதும். மற்ற விதத்தாருக்கும் ஒரு காலத்தில் தற்காலிக விசாதான் கிடைத்தது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

முதலில் கம்பஸ். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கியது. முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ், ஆங்கிலேயர். பத்து வருஷம் கழித்து, 1952இல், பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அந்த நிலமே முன்பு நியூ பேராதெனிய என்ற தோட்டம்தான். 1954 ஏப்ரலில் எலிசபெத் மகாராணியோடு வந்திருந்த எடின்பரோ கோமகன் அதை முறைப்படி திறந்து வைத்தார்.

ஆரம்ப காலத்தில் பாடம் சொல்லித்தர வெளியாட்கள் தேவைப்பட்டார்கள். நாஜிகளால் ஜெர்மனியில் வேலை இழந்த பெட்டி ஹைமன் கொழும்புக் காலத்திலேயே சமஸ்கிருதத் துறைக்கு வந்தார். சமூகவியலுக்கு அமெரிக்கரான பிரைஸ் ரயன். இலங்கைச் சாதி முறை பற்றிய அவருடைய புத்தகம் 1953இல் வெளியானது. பொருளியலுக்கு தாஸ்குப்தா, வரலாற்றுக்கு ஹேம் சந்திர ராய், இருவரும் வங்காளிகள். பல்கலைக்கழகம் வெளியிட்ட இலங்கை வரலாற்றின் முதல் தொகுதிக்கு முதன்மை ஆசிரியர் அந்த ராய்தான். ஆக, “எங்கட நாட்டு வரலாறு” என்று நாம் படிப்பதைத் தொகுத்தவர் ஒரு இந்தியர். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

பிரித்தானிய ஆட்சியில் ஆங்கிலேயருக்கோ இந்தியருக்கோ இங்கே வேலை செய்ய விசா என்ற பேச்சே இல்லை. எல்லோரும் ஒரே அரசரின் பிரஜைகள். அதை மாற்றியவை இரண்டு சட்டங்கள்: 1948 நவம்பரில் அமுலுக்கு வந்த பிரஜாவுரிமைச் சட்டம், 1949 நவம்பரில் அமுலுக்கு வந்த குடிவரவு குடியகல்வுச் சட்டம். அதற்குப் பிறகு பிரஜை அல்லாதவர் தங்கி வேலை செய்யத் தற்காலிக வதிவிட அனுமதி தேவை. கண்டி டவுன் கடைகளில் வேலை செய்த இந்தியர்கள் மத்தியில் “டி.ஆர்.பி.” என்று பேசப்பட்டது இதுதான். காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் கிளம்ப வேண்டும்.

பேராசிரியருக்கு இது பெரிய சிக்கல் அல்ல. அவருக்காகக் கடிதம் எழுத ஒரு நிறுவனம் இருக்கிறது, திரும்பிப்போக ஒரு நாடும் இருக்கிறது. அதற்கும் மேலாக, பிரஜாவுரிமைச் சட்டத்திலேயே ஒரு தனி வாசல் வைத்திருந்தார்கள். பொதுச் சேவையில் சிறந்தவர்கள், தொழில்துறையிலோ வர்த்தகத்திலோ விவசாயத்திலோ பெயர் பெற்றவர்கள் என்று வருஷத்துக்கு 25 பேர் வரை பிரஜையாகப் பதிவு செய்யலாம்.

தற்காலிக விசா என்பதே அநியாயம் என்று நான் சொல்லவில்லை. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த நம்மவர்களும் பிறகு வேறு நாடுகளில் வெளிநாட்டுப் பேராசிரியர்கள்தான் ஆனார்கள். கணிதப் பேராசிரியர் எலியேசர் 1959இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போனார், பிறகு அவுஸ்திரேலியாவுக்கு. தனிநாயகம் அடிகள் 1961இல் கோலாலம்பூர் போனார். 1966இல் முதலாவது உலகத் தமிழ் மாநாடு அங்கே நடந்ததற்கு அவர்தான் காரணம். அரசறிவியல் பேராசிரியர் ஏ. ஜே. வில்சன் 1972இல் கனடா போனார். அவர்கள் போன இடத்தில் அந்நியர்கள்தான், ஆனால் போன இடத்தில் மட்டும்.

இப்போது பஸ் மலை ஏறட்டும். அதே 1948ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்து ஆளிடம் கேட்டது வேறு. நீ இங்கே பிறந்தது போதாது. உன் அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும். லயத்துக் காம்பராவில் பூட்டனின் பிறப்புச் சான்றிதழை யார் வைத்திருப்பார்கள்? பதிவு செய்துகொள்ளலாம் என்று 1949இல் இன்னொரு சட்டம் வந்தது. அதற்கும் 1946க்கு முன் 10 வருஷம், திருமணமானவர் என்றால் 7 வருஷம், இடைவிடாமல் இங்கே இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு.

பிறகுதான் 1964 ஒக்டோபர் 30, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 பேர் என்று கணக்குப் போட்டு 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். இந்த எண்கள் நமக்கு மனப்பாடம், ஸ்கூல் புத்தகத்திலேயே வரும். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் யாரும் மேற்கோள் காட்டாத ஒரு பிரிவு இருக்கிறது. இந்தியாவுக்கு அனுப்பப்பட இருப்பவர்கள், முறை வரும்வரை இலங்கையில் தங்கலாம். அதற்கு அவர்களுக்கு இலவச விசா. வேலையில் இருப்பவர்கள் அனுப்பப்படும் நாள் வரையோ 55 வயது வரையோ, எது முதலில் வருகிறதோ அதுவரை, வேலையில் தொடரலாம்.

இது ஒரு தற்காலிக வேலை விசாதான். கீழே கம்பஸில் ஒரு வெளிநாட்டு விரிவுரையாளருக்குக் கொடுப்பதைப் போலவே, வேலையோடு கட்டப்பட்ட, முடிவுத் தேதி உள்ள விசா. வித்தியாசம் என்னவென்றால், இவர் எங்கிருந்தும் வரவில்லை. பிறந்த லயத்திலேயே தங்குவதற்கு விசா, சின்ன வயசில் இருந்து கொழுந்து பறித்த அதே மலையில் வேலை செய்ய அனுமதி. அதை “இலவசம்” என்று சலுகையாக எழுதியதுதான் எனக்கு இன்றும் ஜீரணிக்க முடியாத விஷயம். பேராசிரியரின் விசா ஒருவரை உள்ளே கொண்டுவரக் கொடுத்தது. இது வெளியே அனுப்பும்வரை வேலை வாங்கக் கொடுத்தது.

கண்டியில் இருக்கிற இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் பாஸ்போட் எடுத்தார்கள். தலைமன்னாருக்குப் போன ரயிலுக்குச் சனம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். அவர்களுடைய தாத்தாமார் இலங்கைக்கு வரும்போது தடுத்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டதும் இதே மண்டபத்தில்தான்.

யுத்தத்தால் 1984இல் கப்பல் நின்றது. கையில் இந்தியப் பாஸ்போட்டோடு பலர் தோட்டங்களிலேயே நின்றுவிட்டார்கள். பாஸ்போட்டும் காலாவதி, விசாவும் காலாவதி. ஆனாலும் காலையில் பெரட்டுக்குப் போனார்கள், பெயர் போட்டார்கள், மலைக்கு ஏறினார்கள். பிள்ளைகள் பிறந்தார்கள்.

2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது நாடற்றவர்கள் பொதுப் பிரகடனம் ஒன்றில் கையொப்பமிட்டார்கள். இந்தியப் பாஸ்போட் வைத்திருந்தவர்களுக்கு விசேட பிரகடனம் என்று வேறு படிவம். பத்து நாளில் 190,000க்கும் மேற்பட்டோர் பிரஜாவுரிமை பெற்றார்கள். அந்தச் சட்டம் கேட்ட தகுதி ஒன்றுதான்: 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்திருக்க வேண்டும், அல்லது அப்படி வசித்தவரின் வழித்தோன்றலாக இருக்க வேண்டும்.