முட்டுக்கட்டை

'முட்டுக்கட்டை போடுகிறார்' என்றால் இன்று அது ஒரு வசவு. ஆனால் என் வயதுக்காரர்களுக்கு முட்டுக்கட்டை உயிர் காத்த பொருள். வில்லியனூரில் தேர் ஓடும்போது சக்கரத்தின் முன் கட்டை போடுபவரை நம்பித்தான் அத்தனை கூட்டமும் வடம் பிடித்தது. வண்டிகளுக்கு அடியில் நின்று பாரம் தாங்கியதும் கட்டைதான்.

வண்டியைத் தூக்கும் வித்தை காரோடு வந்ததல்ல. மாட்டு வண்டிக்கு மை போட ஒருவர் கழியால் நெம்புவார், இன்னொருவர் இருசுக்கு அடியில் கட்டையைக் கொடுப்பார். அதன் பிறகே கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தை உருவுவார்கள். கார்கள் வந்தபோது, பட்டறைக்குப் போக வசதியில்லாதவர்கள் வீட்டு வாசலில் இதே முறையைக் கையாண்டார்கள்.

1957-இல் வரத் தொடங்கிய அம்பாசிடரையே எடுத்துக்கொள்வோம். எடை ஆயிரத்து நூறு கிலோவுக்கு மேல். ஒரு சக்கரத்தின் பங்கு ஏறத்தாழ 300 கிலோ. பத்தடிச் சவுக்குக் கழியை, அந்தப் பக்கம் ஓரடியும் இந்தப் பக்கம் ஒன்பதடியும் இருக்கும்படி ஒரு கட்டையின் மேல் வைத்து அழுத்தினால், 34 கிலோ பாரம் போதும். ஓர் ஆள் கழியின் மேல் சாய்ந்தாலே சக்கரம் எழும்பிவிடும். ஆர்க்கிமிடீஸ் சொன்ன கணக்கு இது. வண்டிக்காரருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கத் தேவையில்லை.

நெம்ப ஆள் இல்லாதவர்கள் வேறு வழி பார்த்தார்கள். வறண்ட வாய்க்காலின் இரு கரையிலும் சக்கரங்கள் நிற்கும்படி வண்டியை நிறுத்தி, அடியில் இறங்கி வேலை செய்தார்கள். பலகைகளைச் சரிவாகப் போட்டு அதன் மேல் ஏற்றினார்கள். இன்னும் சிலர் தோட்டத்தில் நீளமாகக் குழி வெட்டி வைத்திருந்தார்கள்.

எனக்குப் பிடித்தது கடற்கரை மணலில் செய்யும் முறை. வண்டியைத் தூக்கவே வேண்டாம். இருசுக்கு அடியில் அகலப் பலகை போட்டு, அதன் மேல் கட்டையை இறுக்கமாகக் கொடுத்துவிட்டு, சக்கரத்துக்குக் கீழே இருக்கும் மணலைத் தோண்டினால் போதும். வண்டி கட்டையில் நிற்கும், சக்கரம் சும்மா தொங்கும். 1955 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் சிட்ரோயன் நிறுவனம் அறிமுகப்படுத்திய டி.எஸ். காரிலும் இதே தந்திரம்தான். எண்ணெய் அழுத்தத்தால் கார் தானே உயரும். பக்கவாட்டில் ஒரு தாங்கியை வைத்துவிட்டு, காரைத் தாழ்த்தும்படி விசையைத் திருப்பினால், அந்தப் பக்கத்துச் சக்கரங்கள் மேலே ஏறிக்கொள்ளும்.

அந்த எண்ணெய் ஜாக்கிக்கு மூலம், நாங்கள் பிரெஞ்சு வகுப்பில் உருப்போட்ட பாஸ்கலின் விதி. அவர் இறந்த மறு ஆண்டு, 1663-இல், அந்நூல் அச்சானது. ஜோசப் பிராமா அதை வைத்து அழுத்து எந்திரம் செய்து காப்புரிமை பெற்றது 1795-இல். சிறிய விசையால் பெரிய பாரத்தை உயர்த்தலாம் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கும் ஒரு வளையம் தேய்ந்து எண்ணெய் கசிந்தால் பாரம் இறங்கிவிடும் என்பதும் உண்மை.

தூக்குவது வேறு, தாங்குவது வேறு. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். எங்கள் தெருவில் வாடகைக் கார் ஓட்டிய ஒருவர் செங்கல் அடுக்கின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு அடியில் படுத்தார். நல்லவேளை, அவர் ஸ்பேனர் எடுக்க வெளியே வந்த நேரத்தில் கல் நொறுங்கியது. செங்கல் சுவரில் பரவலான பாரத்தைத் தாங்கும். ஓர் இரும்பு முனை குத்தினால் சொல்லாமல் கொள்ளாமல் பிளக்கும். மரக்கட்டை உடைவதற்கு முன் பெரும்பாலும் முனகும். பழைய பட்டறைக்காரர்கள் செங்கல்லைத் தொடாததற்குக் காரணம் இதுதான்.

இன்று பேரன்மார் கைப்பேசியில் படம் பார்த்துவிட்டுக் காருக்கு அடியில் போகிறார்கள். போகட்டும், கைத்தொழில் நல்லது. ஆனால் நீங்கள் பக்கத்தில் நின்று மூன்றைப் பாருங்கள். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்திருக்கிறதா? பின்சக்கரங்கள் இரண்டும் எழும்பிவிட்டால் கைபிரேக் பயன்படாது. ஜாக்கி தவிர வேறு தாங்கி இருக்கிறதா? கழற்றிய சக்கரம் வண்டிக்கு அடியில் படுக்க வைத்திருக்கிறதா? எல்லாம் தவறினாலும், வண்டி அந்தச் சக்கரத்தின் மேல் விழும். பிள்ளையின் மேல் விழாது.